இதை மடித்தது யார்?

மெல்பர்னில் அன்று காலையிலிருந்தே மழை. நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மருத்துவமனை அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளே கட்டிலில் ஜெனரல் சார் உட்கார்ந்திருந்தார். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்திருந்தார்கள். அவர் இரண்டிலும் சாயவில்லை. நோயாளி உடுப்பிலும் அவருக்கு அணிவகுப்பு மைதானத்துத் தோள்தான்.

எதிரே ஓர் இளம் டாக்டர். மிகவும் பொறுமையான பிள்ளை. மறுபடி ஒருமுறை இதய ஆபரேஷனைப் பற்றி மெதுவாக விளக்கி முடித்துவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

ஜெனரல் சார் கண்ணாடியைக் கழற்றினார். டாக்டரின் கண்ணைப் பார்த்தார்.

"ஹூ பேக்ட் திஸ்?" என்றார். இதை மடித்துக் கட்டியது யார்?

டாக்டர் மூலையில் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். உங்கள் மகள்தான் கட்டினார் என்று அன்பாகச் சொன்னார். பிறகு ஜன்னலருகே நின்ற அந்த மகள் மாலினியை ஒரு பார்வை பார்த்தார். நான் சொன்னேனே என்கிற பார்வை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் ராணுவத்தில் நர்ஸாக இருந்தவள் நான். நோயாளியின் வாசலில் நின்று சிரிக்கக் கூடாது என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். ஆனாலும் அடக்க முடியவில்லை. சிட்னியிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்தவளுக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்ததும்தான் மூச்சே வந்தது. மனிதருடைய புத்தி எங்கேயும் போகவில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டு அவர் திரும்பினார்.

"லேட்டா வர்றீங்க சிஸ்டர்" என்றார்.

பீன்ஸ் நறுக்கிய காலை

முந்தின நாள் காலை சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில், மகன் வீட்டுச் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாலினியின் போன் வந்தது. ஜெனரல் சாரின் ஒரே மகள். மெல்பர்ன் பக்கம் கிரான்பர்னில் இருக்கிறாள். மனைவி போன பிறகு அவர் அவளோடுதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு போன் செய்து, சிட்னி வெயிலை விட மெல்பர்ன் குளிர் எவ்வளவோ மேல் என்று வம்புக்கு இழுப்பார்.

"ஆன்ட்டி, அப்பாவுக்கு மனசு தடுமாறிடுச்சுன்னு சொல்றாங்க" என்றாள் மாலினி.

அவருக்கு இதய வால்வு ஒன்று சுருங்கிப்போயிருந்தது. கடைத்தெருவின் கார் நிறுத்தத்தில் ஒருமுறை மயங்கி விழுந்தார். குளியலறையில் இன்னொரு முறை. மூன்றாவது முறை எழுந்திருப்பார் என்று சொல்ல முடியாது, உடனே வால்வை மாற்ற வேண்டும் என்றார்கள். படுக்கை கிடைத்தது. நாளும் குறித்தார்கள். ஆனால் நோயாளியே சம்மதம் சொல்ல வேண்டும் அல்லவா? சம்மதம் கேட்கப் போனவர்களிடம் எல்லாம் அவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். குழம்பிய மனிதரின் கையெழுத்து செல்லாது என்று ஆபரேஷனை நிறுத்திவிட்டார்கள். முதியோர் மனநிலையைப் பார்க்கிற டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் மேற்கொண்டு பேச்சு.

"என்ன கேட்கிறார்?"

"யார் பேக் பண்ணாங்க, யார் பேக் பண்ணாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கார் ஆன்ட்டி. நான் கேட்டா சிஸ்டரைக் கூப்பிடுன்னு சொல்றார்."

கத்தியைக் கீழே வைத்தேன். அந்தக் கேள்வியின் கதையை போனிலேயே சொன்னேன். அவளும் போய் வார்டில் சொல்லியிருக்கிறாள். குடும்பத்தார் இப்படி ஏதாவது அர்த்தம் கண்டுபிடித்து ஆறுதல் அடைவது சகஜம் என்று அங்கே ஒருவர் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாராம். அதைக் கேட்டதும் எனக்கு வந்ததே கோபம். அப்படி நானும் எத்தனையோ தோள்களைத் தட்டியிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

ஆனால் கோபத்துக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. ஒருவேளை அவர்கள் சொல்வது சரியாக இருந்தால்? பழைய நாளிலேயே தங்கிவிட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். நேரில் போய்ப் பார்க்காமல் தீராது என்று தோன்றியது. "உங்களுக்கே முட்டி வலி, இதுல மெல்பர்னா?" என்று மகன் சொல்லிப் பார்த்தான். டிக்கெட் எடு என்றேன்.

கணுக்கால்களின் வரலாறு

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கிற, சிட்னி லிட்கம் வாசகி ஒருவர், எப்போது பார்த்தாலும் காயம், கட்டு என்றே எழுதுகிறீர்களே என்று குறைப்பட்டார். பூக்கடையில் வேலை பார்த்திருந்தால் பூவைப் பற்றி எழுதியிருப்பேன். நான் வேலை பார்த்தது பாராசூட்டில் குதிக்கிற ஒரு டிவிஷனின் மருத்துவமனையில். டிவிஷனின் பெயரை எழுத மாட்டேன். பழைய பழக்கம்.

தலைமையகத்தின் நீண்ட நடையில் அந்த டிவிஷனின் கமாண்டர்கள் எல்லோரும் படமாகத் தொங்குவார்கள். முதலாமவர் கறுப்பு வெள்ளை. போகப் போக வண்ணம் வரும், மீசை குறையும். மற்றபடி எல்லோருக்கும் ஒரே முகம். என்னைக் கேட்டால் நான் அவர்களைக் கணுக்காலால் அடையாளம் சொல்லுவேன்.

அந்த டிவிஷனில் ஒரு வழக்கம் உண்டு. புதிய கமாண்டர் பொறுப்பேற்ற முதல் வாரமே, விமானத்திலிருந்து முதல் ஆளாகக் குதிக்க வேண்டும். அதற்கு முன் மடிப்புக் கூடத்துக்கு நடந்து வருவார். பாராசூட்டுகளை நீள நீளமான மேஜைகளில் விரித்து, கயிறு சிக்காமல் மடித்து, மூட்டையாகக் கட்டி அடுக்கிவைக்கிற இடம் அது. அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றைத் தன் கையாலேயே உருவுவார்.

"கிஸ்னே பேக் கியா?" என்பார். இதை மடித்தது யார்?

மடித்தவன் முன்னால் வந்து, கமாண்டரின் கண்ணைப் பார்த்து, நான்தான் என்று சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டும், ஊரைச் சொல்ல வேண்டும். பிறகு அதே விமானத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போய், அவருக்கு அடுத்த ஆளாகக் குதிக்க வேண்டும். கீழே வந்ததும் இருவரும் மைதானத்துப் புல்லிலேயே உட்கார்ந்து டீ குடிப்பார்கள். டீயை ஊற்றுவது கமாண்டர்.

இதை ஆரம்பித்தவர் முதல் கமாண்டராம். பெரிய அதிகாரிகளுக்கென்று தனியாகப் பார்த்துப் பார்த்து மடிக்கிறார்கள் என்று சிப்பாய்களிடையே ஒரு முணுமுணுப்பு. அவர் காதில் விழுந்திருக்கிறது. நேராகக் கூடத்துக்குள் வந்து நடு அடுக்கில் கையை விட்டுவிட்டார். இது எங்கள் வார்டுச் சமையல்காரர் சொன்ன கதை. அவர் உப்பை மட்டும்தான் அளந்து போடுவார். ஆனால் வழக்கம் நிஜம்.

நான் அங்கே சேர்ந்தபோது இருந்தவருக்குக் கடிகாரக்காரர் என்று பெயர். அவரைக் காற்று தள்ளிக்கொண்டு போய் தர்பூசணி வயலில் இறக்கிவிட்டது. காறை எலும்பு முறிந்து ஸ்ட்ரெச்சரில் வந்தவர், எலும்பை விட்டுவிட்டுக் கடிகாரம் ஓடுகிறதா என்று பார்க்கச் சொன்னார்.

அடுத்தவர் சிரிக்காத சாமி. கணுக்கால் பிசகியதை யாருக்கும் காட்டாமல் அணிவகுப்பு முழுக்க நடந்துவிட்டு, வார்டின் பின்வாசல் வழியாக வந்தார். கால் வீங்கி பூட்ஸ் கழலவில்லை. கத்தரியை எடுத்தேன். புது பூட்ஸ் சிஸ்டர், வேற வழி இல்லையா என்று கெஞ்சினார். அவர் முகத்தில் உணர்ச்சி என்று நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அதற்குப் பிறகு வந்தவருக்கு விமானம் ஏறினாலே குமட்டும். போகிற வழியெல்லாம் பக்கத்திலிருந்த மடிப்பாளர்தான் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். வாயைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாகக் குதித்தார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பயமே இல்லை என்கிறவர்களிடம் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

நான் ஒருமுறையும் குதித்ததில்லை. ஆம்புலன்ஸ் பக்கத்தில் அண்ணாந்து நின்று, ஒவ்வொரு குடையும் விரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசிக் குடை விரிந்த பிறகுதான் கழுத்து வலிப்பது தெரியும்.

கண்ணாடி சார்

ஜெனரல் சார் வந்தபோது எனக்குத் தலையில் நரை வந்துவிட்டது. தமிழ் பேசுகிற கமாண்டர் என்று சமையலறையில் அன்று சாம்பார் வைத்தார்கள். கேள்வி கேட்கும் முன் கண்ணாடியைக் கழற்றுகிற பழக்கம் அவருக்கு. அதனால் கண்ணாடி சார்.

அன்று அவர் உருவியது, ராஜஸ்தான் பக்கத்துச் சிப்பாய் ஒருவர் மடித்த பாராசூட். அந்தச் சிப்பாய் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். இருவரும் ஏறினார்கள். கீழே நான் அண்ணாந்து நின்றேன். முதல் குடை விரிந்தது. இரண்டாவதும் விரிந்தது. அப்பாடா என்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்ட்ரெச்சர் என்று சத்தம்.

கமாண்டருக்கு ஒரு கீறல்கூட இல்லை. கணுக்காலை முறித்துக்கொண்டது மடித்தவர். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை கமாண்டரே பிடித்துக்கொண்டு வந்தார். அன்று தலைமையகத்தில் அவரை வரவேற்க விருந்து. அவர் போகவில்லை. எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டு முடிக்கும்வரை, என் வார்டின் ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போகலாம் சார், நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவன் என் பக்கத்துல வந்தான் சிஸ்டர். அவன் எந்திரிக்காம நான் எப்படிப் போறது?" என்றார்.

பிறகு பிளாஸ்கைத் திறந்து அந்தச் சிப்பாய்க்கு டீ ஊற்றிக் கொடுத்தார். என்னிடம் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார்.

பிரதமரும் வால்வும்

மெல்பர்ன் அறைக்கு வருகிறேன். அந்த இளம் டாக்டரும் மாலினியும் வெளியே போன பிறகு, குடையைக் கைகழுவும் தொட்டிப் பக்கம் சாய்த்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"விஷயத்தைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே சார்? உங்களுக்கு மறதி நோய்னு எழுதப் பார்க்கிறாங்க."

"அந்தக் கேள்விக்கு விளக்கம் சொல்லக் கூடாது. உங்களுக்குத் தெரியாதா?"

"இது டிவிஷன் இல்லை சார்."

"பிரதமர் யாருன்னு கேக்கிறான். இன்னைக்கு என்ன கிழமைன்னு கேக்கிறான். என் வால்வுக்கும் பிரதமருக்கும் என்ன சம்பந்தம்?"

"பதில் சொன்னீங்களா?"

"இல்லை."

தலையில் அடித்துக்கொண்டேன். இந்த மனிதருக்குக் கீழே ஒரு டிவிஷனே இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

 அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பயமா இருக்கு சிஸ்டர். விமானத்துல வாசல்கிட்ட நிக்கும்போது காத்து முகத்துல அடிக்கும். நாமதான் குதிக்கிறோம்னு தெரியும். இங்க தூங்க வச்சிடுவாங்க. அப்புறம் யார் கையில இருக்கேன்னே தெரியாது. அப்படிப் போக என்னால முடியலை."

அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எழுந்து வெளியே போனேன்.

வார்டுப் பொறுப்பு நர்ஸ் எங்கோ ஒரு பண்ணையில் வளர்ந்த பெண். மடிப்புக் கூடம், கேள்வி, டீ என்று எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு போனை எடுத்தார். அவர்தான் அன்றைக்கு எல்லாவற்றையும் நடத்திக் கொடுத்தார். நான் செய்தது வாய் ஓயாமல் பேசியது மட்டும்தான்.

மனநிலை டாக்டர் வந்தபோது, "சார், கேட்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. இது மெடிக்கல் ஆர்டர்" என்றேன். பிரதமரைச் சொன்னார். அவருக்கு முந்தினவரையும் சொன்னார். அதற்கும் முந்தினவரைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொல்லத் தொடங்கினார். போதும் போதும் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார்.

ஆபரேஷன் செய்யும் சர்ஜன் வந்து, வெட்டுவதும் தைப்பதும் நான்தான் என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். ஜெனரல் சார் மரியாதையாகக் கை குலுக்கினார். அவர் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"இவர் பைலட். என்னைப் பத்திரமாத் திரும்பக் கீழே கொண்டுவர்றது யாரு?"

பெயரும் ஊரும்

பிற்பகலில் மயக்க மருந்து டாக்டர் வந்தார். நாற்பதுகளில் இருக்கிற பெண். தலையில் ஆபரேஷன் தொப்பி, காலில் செருப்பு. வந்ததும் வாசலில் இருந்த என்னைப் பார்த்து, "நீங்கள்தானே அந்த அன்ரி?" என்றார். பிறகு கட்டிலுக்கு நேரே போய் நின்றார்.

ஜெனரல் சார் கண்ணாடியைக் கழற்றினார். கேள்வியைக் கேட்டார்.

"நான்தான், அங்கிள்" என்றார் அவர். கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்கு உங்கள நித்திரையாக்கிறதும் நான்தான், எழுப்புறதும் நான்தான். பேர் தர்ஷினி."

"ஊர்?"

கொஞ்சம் தயங்கினார். "யாழ்ப்பாணம்."

கழற்றிய கண்ணாடி ஜெனரல் சார் கையிலேயே இருந்தது. மாலினி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் ராணுவம் அங்கே போய் இறங்கிய ஆண்டுகளில், இளம் அதிகாரியாக அவரும் போயிருந்தார். அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. நான் அந்த ஆண்டுகளில், அங்கிருந்து திரும்பி வந்தவர்களைக் கிடத்திய வார்டு ஒன்றில் இருந்தேன். இத்தனை வாரமாக எழுதுகிறேன், அந்த நாட்களை மட்டும் எழுதவில்லை. உட்கார்ந்தால் வரவில்லை, அவ்வளவுதான்.

"நான் அங்க இருந்திருக்கேன்" என்றார் ஜெனரல் சார். "யூனிஃபார்ம்ல."

"நினைச்சனான். உங்கட வயசும் வேலையும் பார்த்தா விளங்கும்தானே. நான் அப்ப சின்னப் பிள்ளை."

"உங்களுக்கு மனசு இல்லைன்னா வேற யாரையாவது போடச் சொல்லுங்கம்மா. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

 தர்ஷினி ஜன்னல் பக்கம் பார்த்தார்.  இந்த மனிதர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தேன். இன்னொரு கணம், இதைச் சொல்லாமல் அவரால் படுத்திருக்க முடியாது என்றும் தெரிந்தது.

"வேற ஆள் ஏன், அங்கிள்?" என்றார் தர்ஷினி கடைசியில். "இது என்ட வேலை. நீங்கள் எழும்பும் மட்டும் உங்கட தலைமாட்ட விட்டு அசைய மாட்டன். மிச்சக் கதைய எழும்பின பிறகு கதைப்பம்."

ஜெனரல் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"சரிம்மா. நாளைக்குப் போகலாம்" என்றார்.

அண்ணாந்து பார்க்க வானம் இல்லாமல்

மறுநாள் காத்திருப்பு அறையில் அண்ணாந்து பார்க்க விளக்குப் பொருத்திய கூரைதான் இருந்தது. மாலினி போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். இட்லி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இருவரும் தொடவில்லை. நான் ஜெபமாலையை எடுத்தேன், பாதியில் எண்ணிக்கை தவறியது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தது தர்ஷினி. தொப்பியின் வார் நெற்றியில் கோடாகப் பதிந்திருந்தது.

"எல்லாம் நல்லபடி முடிஞ்சுது" என்றார். "கண்ணைத் திறந்து பார்த்தவர். நான் நிக்கிறனோ எண்டு பார்த்துட்டுத் திருப்பிப் படுத்திட்டார்."

மாலினி என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அழுது முடித்ததும் கழுத்து வலித்தது. இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். ஆறிப்போயிருந்தது. அவ்வளவு ருசியாக நான் இட்லி சாப்பிட்டதில்லை. தர்ஷினியும் நின்றபடியே சட்னியைத் தொட்டு ஒன்று சாப்பிட்டார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

சில நாள் கழித்து, ஜெனரல் சாரை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். பெரிய பிளாஸ்கில் டீ கொண்டுவரச் சொல்லி மகளுக்கு உத்தரவு போயிருந்தது. தர்ஷினி எட்டிப் பார்த்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை இரண்டு தலையணையிலும் நன்றாகச் சாய்ந்திருந்தார்.

அவரே பிளாஸ்கைத் தூக்கினார்.  பாதி டீ தட்டில்தான் விழுந்தது. மாலினி உதவிக்குப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நல்லா மடிச்சிருக்கீங்க டாக்டர்" என்று கோப்பையை நீட்டினார்.

தர்ஷினி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். ஜெனரல் சார் கண்ணாடியைக் கழற்றிப் போர்வையின் மேல் வைத்தார்.

"யாழ்ப்பாணத்துல உங்க வீடு எந்தப் பக்கம்மா இருந்துச்சு?"

தர்ஷினி கோப்பையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அது கனக்க நேரம் எடுக்கும், அங்கிள்."

"சொல்லுங்க. எனக்கு இங்க வேற வேலை இல்லை."

அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"அன்ரி, அந்தக் கதிரைய ஒருக்கா இஞ்சால தாங்கோ" என்றார் தர்ஷினி.

எழுந்து கொடுத்தேன். அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அவர் உட்கார்ந்தார். நான் மாலினியை அழைத்துக்கொண்டு வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன்.